பலவீனர் யார்? மதுவும் முன்மாதிரியும் குறித்த கிறிஸ்தவ வாதத்தின் வரலாறு

கிறிஸ்தவ மறைநூல் மதுவை முற்றாக விலக்கவில்லை. ஆயினும் கடந்த இரண்டு நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ உலகின் கணிசமான பகுதி, மதுவைத் தொடாதிருப்பதைப் பக்தி வாழ்வின் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டு வந்துள்ளது. நூல் அனுமதிப்பதை அந்நூலை நம்புவோர் தாமாகவே விட்டுவிடுவது எப்படி நேர்ந்தது, அதற்கு அவர்கள் காட்டிய நியாயம் யாது, அந்த நியாயம் நூலோடு எந்த அளவுக்குப் பொருந்தி நிற்கிறது என்பவையே இவ்வுரையின் பொருள். குடியால் உடலுக்கு விளையும் கேடுகளும் அரசுக்கு வரும் வருவாயும் இங்கு ஆராயப்படவில்லை. அவற்றுக்கு வேறு மேடைகள் உண்டு. இங்கு ஆராயப்படுவது ஒரே ஒரு வாதம்: தனக்குத் தீங்கு இல்லாத ஒன்றைப் பிறருக்குத் தீங்காகும் என்பதற்காக ஒருவர் கைவிட வேண்டும் என்னும் வாதம். கிறிஸ்தவ மரபில் முன்மாதிரி என்று பேசப்படுவதெல்லாம் இறுதியில் இந்த வாதத்தையே சார்ந்து நிற்கிறது.

மறைநூலில் மதுவைப் பற்றிய பேச்சு ஒரே குரலில் அமையவில்லை. தமிழ் விவிலியத்தில் திராட்சரசம் எனப்படுவது பெரும்பாலான இடங்களில் புளித்து வெறியூட்டும் தன்மை பெற்ற மதுவே ஆகும். அதை மனித உள்ளத்துக்கு மகிழ்ச்சி தரும் இறைக்கொடைகளுள் ஒன்றாக 104ஆம் சங்கீதம் எண்ணுகிறது; நீதிமொழிகள் நூலின் 23ஆம் அதிகாரமோ அதே மதுவினிடத்தில் நெடுநேரம் தங்கிவிடுபவனின் சிவந்த கண்களையும், காரணம் தெரியாத காயங்களையும், அடிபட்டும் உணராமல் விழித்தவுடன் மறுபடியும் அதையே தேடும் நிலையையும், நோயாளியின் அருகில் அமர்ந்து மருத்துவர் குறிப்பெடுப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்கிறது. இயேசுவின் முதல் அற்புதம் கானா ஊர்த் திருமண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசமாக்கியது என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அங்கிருந்த ஆறு கற்சாடிகளின் கொள்ளளவை அந்நூல் தரும் அளவையின்படி கணக்கிட்டால் சுமார் 450 முதல் 700 லிட்டர் வரை வரும் என்பதால், அதை ஒரு மிடறு மருந்துக் கணக்கில் சேர்க்க எந்த உரையாசிரியராலும் இயலாது. உண்டு குடிப்பவர் என்று இயேசுவையும், உண்ணாமலும் குடியாமலும் இருந்ததற்காக யோவான் ஸ்நானகரையும் ஒரே தலைமுறை பழித்ததாக மத்தேயு நற்செய்தி பதிவு செய்கிறது. இரு வழிகளும் இறைவழியே என்பது அங்குத் தொனிக்கும் பொருள்.

மதுவை விட்டவர்களும் அந்நூலில் உண்டு. குறித்த காலத்துக்குத் தம்மைக் கடவுளுக்கென்று ஒதுக்கிக்கொண்டு, திராட்சைக்கொடியிலிருந்து வரும் எதையும் உண்ணாமலும் தலைமயிரைக் களையாமலும் நோன்பிருந்தவர் நசரேயர் எனப்பட்டனர். இவர்களைவிட இவ்வுரைக்கு நெருங்கியவர்கள் ரேகாபியர் என்னும் குடும்பத்தார். எரேமியா நூலின் 35ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் அவர்களை எருசலேம் ஆலயத்தின் ஓர் அறைக்கு அழைத்துச் சென்று, திராட்சரசம் நிறைந்த குடங்களையும் கிண்ணங்களையும் அவர்கள் முன் வைத்துக் குடிக்கச் சொல்ல, தம் மூதாதை யோனதாபின் கட்டளையைக் காட்டி அவர்கள் மறுத்துவிடுகின்றனர். இதன்பின் எரேமியா யூதா மக்களை நோக்கி ரேகாபியரைப்போல் மதுவை விடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு மூதாதையின் சொல்லுக்கு இவர்கள் கீழ்ப்படிய, நீங்கள் கடவுளின் சொல்லுக்குக் கீழ்ப்படியவில்லையே என்றுதான் இடித்துரைக்கிறார். முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பட்டது அவர்களுடைய உறுதி. அவர்களது உணவு நெறியன்று. 19ஆம் நூற்றாண்டில் மதுவிலக்குப் பேச்சாளர்கள் இவ்வதிகாரத்தை எடுத்தாண்டபோது இந்த வேறுபாடு பெரும்பாலும் அவர்கள் கண்ணில் படவில்லை. 1835இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் மதுவைத் துறந்த தொழிலாளர்கள் அமைத்த பரஸ்பர உதவிச் சங்கத்துக்கு ரேகாபியர் என்னும் பெயரே சூட்டப்பட்டது.

முன்மாதிரி பற்றிய கிறிஸ்தவ வாதத்தின் ஊற்று புனித பவுலின் இரு கடிதங்கள். கி.பி. 50களின் நடுப்பகுதியில் கொரிந்து நகர்ச் சபையில் எழுந்த வழக்கு மதுவைப் பற்றியதன்று, இறைச்சியைப் பற்றியது. அந்நகரின் சந்தையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் பலியிடப்பட்டு வந்தது; விருந்துகள் பலவும் கோயில் வளாகங்களிலேயே நடந்தன. அஸ்கிலேப்பியஸ் என்னும் மருத்துவத் தெய்வத்தின் கோயிலை ஒட்டி, சுவரோரம் சாய்ந்திருந்து உண்பதற்கான மேடைகளோடு கூடிய அறைகளைத் தொல்லியலாளர் கொரிந்தில் அகழ்ந்து கண்டுள்ளனர். சிலை வெறும் கல், ஆகவே இறைச்சியில் குற்றமில்லை என்று தெளிந்தவர்கள் அத்தகைய இடங்களில் தயக்கமின்றி உண்டார்கள். நேற்றுவரை அதே தெய்வத்தை வணங்கிவிட்டுப் புதிதாகச் சபைக்கு வந்தவர்களோ அவர்களைப் பார்த்துத் தாங்களும் உண்டு, உண்ணும்போதே பழைய வழிபாட்டுக்குள் மனத்தளவில் திரும்பிச் சென்றார்கள். தெளிந்தவர்களின் கொள்கை சரி என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகே, அந்தச் சரியான அறிவு ஒரு சகோதரனை அழிக்குமானால் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே அன்பு என்கிறார். சில ஆண்டுகளில் உரோமையர்க்கு எழுதிய கடிதத்தின் 14ஆம் அதிகாரத்தில் இதே வாதம் விரிகிறது. அங்கே காய்கறி மட்டும் உண்பவர்களும் எதையும் உண்பவர்களும் ஒரே சபையில் இருக்கிறார்கள். சகோதரன் இடறி விழக் காரணமாகும் பொருள்களின் வரிசையில் இறைச்சியோடு மதுவும் அங்கே பெயர் குறித்துச் சேர்க்கப்படுகிறது.

இவ்வாதத்தில் மூன்று கூறுகள் கவனத்துக்குரியவை. இடறல் என்பது இங்கே ஒருவர் மனம் புண்படுவதைக் குறிக்கவில்லை. பிறரைப் பார்த்து ஒருவன் தன் மனச்சாட்சிக்கு மாறாக நடந்து கெடுவதையே குறிக்கிறது. முகம் சுளிப்பவர்களெல்லாம் இடறுகிறவர்கள் ஆகமாட்டார்கள். தாம் ஒருநாளும் விழப்போகாத பெரியவர் ஒருவர், பிறர் செய்கை தமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக இவ்வசனத்தைக் கையிலெடுப்பது பவுலின் கருத்துக்கு வெகுதொலைவில் உள்ளது, ஆனால் சபை வழக்குகளில் இவ்வசனம் அதிகமாகப் பயன்பட்டிருப்பது இந்த வகையில்தான். அடுத்து, விட்டுக்கொடுக்க வேண்டியவர் உரிமை உடையவரே. தள்ளாடுகிறவன்மீது பவுல் புதிய சுமை எதையும் ஏற்றவில்லை. மூன்றாவது கூறு பிற்காலத்தில் பெரிதும் மறக்கப்பட்டது. உண்பவர் உண்ணாதவரை இகழக் கூடாது என்று சொல்லும் அதே மூச்சில், உண்ணாதவர் உண்பவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றும் பவுல் விதிக்கிறார். விலகி நிற்பதும் தீர்ப்பிடாதிருப்பதும் அவர் எழுத்தில் பிரியாத இரட்டைக் கட்டளைகள்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அது இவ்வுரையின் மையம். பவுல் பலவீனர் என்று குறிப்பது இறைச்சியையும் மதுவையும் தவிர்ப்பவரை. உண்ணாதவரே, குடிக்காதவரே பலவீனர். ஏனெனில் அவருடைய நம்பிக்கை இன்னும் பொருள்களுக்கு அஞ்சுகிறது. குடியை விடமுடியாமல் தவிக்கும் மனிதர் உரோமையர் கடிதத்தின் அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் மேடைகளில் இதே வசனம் ஒலித்தபோது பலவீனர் என்னும் இடத்தில் குடிகாரர் வந்து அமர்ந்துவிட்டார், குடியாதவர் பலமுள்ளவர் ஆகிவிட்டார். வசனம் மாறவில்லை, அதில் வரும் ஆட்கள் இடம் மாறிக்கொண்டனர்.

இந்த இடமாற்றம் ஏன் வெகுகாலம் நிகழவில்லை என்பதற்குத் தொடக்ககாலச் சபையின் கவலைகள் விடை தருகின்றன. அக்காலத்தில் சபையை அச்சுறுத்தியவர்கள் குடிகாரர்களைக் காட்டிலும் மதுவையே அசுத்தம் என்றவர்கள். 2ஆம் நூற்றாண்டில் என்கிரத்தியர் எனப்பட்ட கடுந்துறவுக் குழுவினர் மது, இறைச்சி, திருமணம் மூன்றையும் ஒருசேர ஒதுக்கினர். உலகைப் படைத்தவர் நல்லவர் என்னும் அடிப்படைக்கே அது எதிரானது என்று சபை கண்டது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிரியாவில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் திருத்தூதர் விதிகள், தன்னடக்கப் பயிற்சிக்காக அன்றி அருவருப்பினால் மதுவைத் தவிர்க்கும் குருவைத் திருத்தவோ பதவி நீக்கவோ சொல்வதோடு, திருநாள்களிலும் இறைச்சியையும் மதுவையும் தொடாத குரு பலருக்கு இடறலாகிறார் என்றும் சொல்கின்றன. குடியாதிருப்பதே தீய முன்மாதிரி ஆகும் என்று ஒரு சபைச் சட்டம் எழுதியிருப்பது இன்றைய வாசகருக்கு வியப்பாகத் தோன்றலாம். 387இல் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசொஸ்தோம், வயிற்று நோய்க்காகச் சிறிது மது அருந்துமாறு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை விளக்கி ஆற்றிய நீண்ட சொற்பொழிவிலும், பழிக்க வேண்டியது வெறியையே தவிர மதுவையன்று என்ற கருத்தே வலியுறுத்தப்பட்டது. 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 40ஆம் அதிகாரம், மது துறவிக்கு ஏற்றதன்று என்று சொல்லிக்கொண்டே, இக்காலத் துறவியரை அதற்கு இணங்க வைக்க முடியாது என்ற பெருமூச்சோடு, நாளொன்றுக்கு ஒரு ஹெமினா, அதாவது பலரது கணிப்பில் ஏறக்குறைய கால் லிட்டர், அளந்து கொடுக்கிறது.

நிலைமையை மாற்றியது இறையியல் அன்று, மதுவைக் காய்ச்சி வடிக்கும் வாலை. பழங்கால மத்தியதரைக்கடல் மக்கள் திராட்சை மதுவில் தண்ணீர் கலந்தே குடித்தனர். காய்ச்சி வடித்த சாராயம் மலிவாகத் தெருவுக்கு வந்தபோது அதே அளவுக் குடி வேறு விளைவைத் தந்தது. 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இலண்டன் ஏழைகளிடையே ஜின் என்னும் சாராயம் பரவி, 1751இல் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் தேவைப்படும் அளவுக்கு நிலை முற்றியது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1743இல் தம் சங்கத்தினருக்கு வகுத்த பொது விதிகளில், குடிவெறியோடு சாராயத்தை வாங்குவதும் விற்பதும் மிகுந்த அவசியமின்றி அருந்துவதும் தடுக்கப்பட்டன. பணத்தின் பயன்பாடு குறித்த சொற்பொழிவில் சாராய வணிகரை மக்களை நஞ்சூட்டிக் கொல்பவர்களாகவே அவர் சித்திரித்தார். குடிப்பவனைவிட விற்பவனைக் கடுமையாகத் தாக்கிய அந்த நோக்கு, பின்னர் வந்த பல மதுவிலக்குப் பிரசங்கங்களைவிட நேர்மையானது.

1826இல் பாஸ்டனில் அமைந்த அமெரிக்க மிதக்குடிச் சங்கம் முதலில் காய்ச்சி வடித்த மதுவகைகளை மட்டுமே எதிர்த்தது. இந்த எல்லை நிலைக்கவில்லை. கனவான்கள் தம் நிலவறையிலுள்ள திராட்சை மதுவை வைத்துக்கொண்டு தொழிலாளியிடம் சாராயத்தை விடச் சொல்வது முன்மாதிரி ஆகாது என்பது தொழிலாளிக்குப் புரிய அதிக நாள் ஆகவில்லை. 1832 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் நெசவு நகரான பிரெஸ்டனில், பாலாடைக்கட்டி வணிகர் ஜோசப் லைவ்ஸியும் வேறு அறுவரும் எல்லா மதுவகைகளையும் முற்றாக விடும் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். பீர் உழைப்பாளியின் உணவு என்று அதுவரை நம்பப்பட்டு வந்தது. லைவ்ஸி ஊர் ஊராகச் சென்று ஆற்றிய மால்ட் (முளைத்த தானியம்) சொற்பொழிவில், பீரைக் காய்ச்சி அதிலிருந்து வடித்த சாராயத்தைக் கூட்டத்தின் கண்முன்னே கொளுத்திக் காட்டி, உழைப்பாளி காசு கொடுத்து வாங்குவதில் தானியச் சத்து எவ்வளவு சிறிது என்று கணக்குச் சொன்னார். இந்த இயக்கத்தில்தான் உரோமையர் கடிதத்தின் பலவீனர் குடிகாரரானார். அளவோடு குடிக்கும் ஒவ்வொருவரும், அளவு அறியாத ஒருவருக்குத் துணிவு கொடுக்கிறார் என்று வாதிடப்பட்டது. இந்த மாற்றத்தைத் திரிபு என்று தள்ளிவிட வேண்டியதில்லை: சகோதரனைக் கெடுக்கும் உரிமையை விட்டுவிடு என்னும் நெறி, சகோதரன் மனச்சாட்சியால் கெட்டாலும் உடலின் அடிமைத்தனத்தால் கெட்டாலும் பொருந்தக்கூடியதே. குறை வேறோர் இடத்தில் இருந்தது. பவுலின் பலவீனர் தம்மை நேர்மையாளர் என்று கருதியிருந்தார். புதிய பலவீனரோ ஊரறிந்த குற்றவாளி. ஆகவே தீர்ப்பிடாதே என்னும் மறுபாதி யாருக்கும் நினைவு வரவில்லை.

வாதம் அன்பை மட்டும் நம்பியிருந்தவரை மறைநூலோடு மோதவில்லை. மதுவே தீயது என்று அடுத்த அடி எடுத்து வைத்தவுடன் மோதியது. கானாவும் கடைசி இராவுணவும் நடுவழியில் நின்றன. அதற்கு எழுந்த தீர்வு இருமது வாதம் எனப்படும்: மறைநூல் புகழும் இடங்களில் புளிக்காத சாறும், பழிக்கும் இடங்களில் புளித்த மதுவும் பேசப்படுகின்றன என்பதே அதன் சாரம். அமெரிக்காவின் ஆண்டோவர் இறையியல் கல்லூரிப் பேராசிரியர் மோசஸ் ஸ்டூவர்ட் போன்ற தேர்ந்த எபிரேய அறிஞரே இதற்குத் துணை நின்றார் என்றாலும், வாதம் நிற்கவில்லை. திராட்சை அறுவடை கோடையின் இறுதியில். கடைசி இராவுணவு நடந்த பஸ்கா விழா வசந்தத்தில். பிழிந்த சாறு வெப்ப நாட்டில் சில நாள்களுக்குள் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். அதை ஆறு மாதம் இனிப்பாகவே காக்கும் முறை பொதுவழக்கில் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. திருவிருந்தில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் வெறித்திருப்பதாகக் கொரிந்தியரைப் பவுல் கடிந்துகொள்ளும் இடமும் அக்கிண்ணத்தில் இருந்தது எது என்பதைக் காட்டிவிடுகிறது.

திருவிருந்து, அதாவது கத்தோலிக்கர் நற்கருணை என்று வழங்கும் அப்ப ரசப் பகிர்வு, முன்மாதிரி வாதத்தின் உண்மையான உரைகல். வீட்டிலும் விருந்திலும் மதுவைத் தவிர்ப்பது ஒருவரது விருப்பம். பலிபீடத்தின் கிண்ணமோ சீர்திருத்தச் சபைகளில் எல்லாரும் பருக வேண்டியது. குடியிலிருந்து மீண்ட ஒருவர் ஞாயிறுதோறும் அதே மணத்தை உதட்டருகே ஏற்க வேண்டியிருந்தது. இந்தக் கிண்ணத்தில் மது வேண்டுமா என்னும் கேள்வி பழையதுதான்: 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் எழுதிய 63ஆம் கடிதம், வெறும் தண்ணீரை வைத்து வழிபாடு நடத்தியவர்களைக் கண்டிக்கிறது. காலையிலேயே வாயில் மது மணத்தால் தாம் கிறிஸ்தவர் என்பது துன்புறுத்துவோர்க்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அக்கடிதம் குறிப்பது, வரலாற்றின் ஒரு விநோதம். ஒரு காலத்தில் அந்த மணமே சமய அடையாளம். தண்ணீரும் வேண்டாம், மதுவும் வேண்டாம் என்றவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் அறிவியல் வழி திறந்தது. 1869இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லாந்தில் பல் மருத்துவரும் மெதடிஸ்ட் சபையின் திருவிருந்துப் பொறுப்பாளருமான தாமஸ் பிராம்வெல் வெல்ச், லூயி பாஸ்டர் காட்டிய வெப்பமூட்டும் முறையைத் திராட்சைச் சாற்றில் பயன்படுத்தினார்; வடிகட்டிய சாற்றைப் புட்டிகளில் அடைத்துக் கொதிநீரில் வைத்ததும், புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்து சாறு இனிப்பாகவே நின்றது. புளிக்காத திராட்சரசம் என்னும் பெயரில் அதைச் சபைகளுக்கு விற்க அவர் முயன்றபோது வரவேற்பு பெரிதாக இல்லை. மகன் சார்லஸ் காலத்தில்தான் அது பெருந்தொழில் ஆயிற்று. இரட்சண்ய சேனையோ வேறு வழியை மேற்கொண்டு, 1880களில் திருவிருந்துச் சடங்கையே கைவிட்டது. மீண்ட குடிகாரர்களுக்கு அந்தக் கிண்ணம் சோதனையாகும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. தமிழ்நாட்டின் சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இன்று உலர்திராட்சையை வேகவைத்துப் பிழிந்த சாறோ இனிப்புச் சாறோ வழங்கப்படுவது இந்த வரலாற்றின் நேர்த் தொடர்ச்சி.

கத்தோலிக்க அயர்லாந்து வேறு பாதையில் சென்றது. 1838 ஏப்ரல் 10 அன்று கார்க் நகரில் கப்புச்சின் துறவியான தியோபால்ட் மேத்யூ, குவேக்கரான வில்லியம் மார்ட்டினின் தூண்டுதலால் முழு விலக்கு உறுதிமொழியில் கையொப்பமிட்டார். ஒரு துறவி மிதமாகக் குடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்; அவர் பெயர் ஏட்டில் முதலில் விழுந்ததால்தான் ஏழைகள் வந்தனர். பல இலட்சம் பேர் முழங்காலிட்டு அவரிடம் உறுதி எடுத்தனர். சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டில் வரி செலுத்தப்பட்ட சாராயத்தின் அளவு ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சமும் அமைப்புப் பலமின்மையும் அவ்வியக்கத்தைக் கரைத்துவிட்டன. அந்தக் குறையைக் கண்டு 1898 டிசம்பரில் டப்ளினில் இயேசு சபைக் குரு ஜேம்ஸ் கல்லன், நான்கு பெண்களைக் கொண்டு முன்னோடிகள் சங்கத்தைத் தொடங்கினார். இச்சங்கம் மதுவைத் தீயது என்று சொல்லவில்லை. நல்ல பொருளாகையால் அதை விடுவது காணிக்கை ஆகிறது என்றது. குடியால் துன்புறுவோருக்காகத் தம் நியாயமான இன்பம் ஒன்றை விட்டு, அவர்களுக்காக நாள்தோறும் செபித்து, சட்டையில் இயேசுவின் திருஇருதயச் சின்னத்தை அணிந்து வாழ்வதே உறுப்பினரின் கடமை. இவ்வுரையில் சொல்லப்பட்ட இயக்கங்களுள் பவுலின் இரண்டு பாதிகளையும் ஒன்றாகப் பிடித்தது இதுவே எனலாம், நூலை வளைக்கவும் இல்லை, அயலாரைப் பழிக்கவும் இல்லை.

அமெரிக்காவில் காணிக்கை சட்டமாயிற்று. 1851இல் மெய்ன் மாநிலம் விற்பனையைத் தடுத்தது; 1893இல் ஒஹையோவில் தோன்றிய மதுக்கடை எதிர்ப்புச் சங்கம் சபைகளின் வாக்குகளைத் திரட்டி அரசியல்வாதிகளை வளைத்தது; 18ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி 1920 ஜனவரியில் நாடு முழுதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து, 1933 டிசம்பரில் நீக்கப்பட்டது. வழிபாட்டு மதுவுக்கு விதிவிலக்கு இருந்ததால், அக்காலத்தில் அதற்கான கோரிக்கை பக்தியின் வளர்ச்சியால் விளக்க முடியாத அளவுக்கு உயர்ந்தது. சட்டத்தின் சமூகப் பயன் தனி விவாதம். முன்மாதிரி என்னும் கோணத்திலிருந்து பார்த்தால், எல்லாரும் விட்டே ஆக வேண்டிய ஒன்றை ஒருவர் விடுவதில் மற்றவருக்குக் காட்ட எதுவும் மிச்சமில்லை.

இந்திய எல்லைக்குள் இதே கேள்வி வடகிழக்கில் கூர்மையாக எழுகிறது. 1872இல் ஆவோ நாகர்களிடையே வந்த அமெரிக்க பாப்டிஸ்ட் பணியாளர்களும், 1897 முதல் மிசோக்களிடையே பணிபுரிந்த வேல்ஸ் நாட்டுப் பிரஸ்பிட்டேரியர்களும் அரிசிக் கள்ளை விடுவதை மதமாற்றத்தின் அடையாளமாக்கினர். ஞாயிறன்று மதுக்கடைகளை மூடும் சட்டத்தை 1881இல் பெற்றிருந்த வேல்ஸின் மனநிலை அதில் தெரிகிறது. எனினும் அந்தக் கட்டளைக்கு இன்னொரு வேர் இருந்தது: மிசோக்களின் சூ என்னும் அரிசிக் கள் பலிச் சடங்குகளோடும் புகழ் விருந்துகளோடும் பின்னியிருந்தது, அதைக் குடிப்பது பழைய வழிபாட்டில் கலப்பதாகவே இருந்தது. கொரிந்தின் கோயில் இறைச்சிக்கு இதைவிட நெருங்கிய இணை கிறிஸ்தவ வரலாற்றில் அரிது. பின்னர் அரிசிக் கள்ளின் இடத்தில் விஸ்கி வந்தது, சடங்கு போயிற்று, கட்டளை மட்டும் தொடர்ந்தது. நாகாலாந்து பாப்டிஸ்ட் சபைகளின் வற்புறுத்தலால் 1989இல் முழு மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. மிசோரமில் 1995இல் இயற்றப்பட்டு 1997இல் நடைமுறைக்கு வந்த சட்டம், 2007இல் திராட்சை, கொய்யா ஆகியவற்றிலிருந்து மது தயாரிப்பதற்கு மட்டும் தளர்த்தப்பட்டது. சாம்பாய் மாவட்டத்து உழவர் பயிரிட்ட திராட்சையிலிருந்து ஸாவ்லைடி என்னும் மது தயாரிக்கப்பட்டது. 2014இல் உரிமம் பெற்ற கடைகளை அனுமதிக்கும் சட்டம், 2019இல் மறுபடியும் விலக்கு என்று அரசுகள் மாறமாறச் சட்டமும் மாறியது; சபைகள் மட்டும் ஒரே நிலையில் நின்றன. அண்டை மாநிலங்களிலிருந்து மறைவாக வரும் புட்டிகளைச் சட்டமும் தடுக்கவில்லை, சபையும் தடுக்கவில்லை. மாட்டிக்கொள்பவர் பெரும்பாலும் ஏழை. ஆக, பவுல் யாருக்காக விட்டுக்கொடுக்கச் சொன்னாரோ அவரே தண்டனை பெறுபவர் ஆகிறார்.

2014இல் கேரளத்தில் மதுக்கூடங்களை மூடக் கத்தோலிக்கச் சபை முன்னின்று குரல் கொடுத்தபோது, சபைகளின் திருப்பலி மது உரிமங்களையும் நீக்க வேண்டாமா என்ற கேள்வி எதிர்த்தரப்பிலிருந்து எழுந்தது. பலிபீடத்தின் சில துளிகளையும் மதுக்கூடத்தையும் ஒன்றாக்கும் அக்கேள்வி நியாயமற்றது. ஆனால் முன்மாதிரியை ஆயுதமாக்குவோர் அதே ஆயுதத்தால் அளக்கப்படுவர் என்பதற்கு அது சான்று. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி, திருப்பலியின் மது திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாக வந்து கெடாததாக இருக்க வேண்டும் என்கிறது. சாதாரணச் சாறு அதற்கு ஈடாகாது. அப்படியானால் குடிநோயிலிருந்து மீண்ட குரு ஒருவர் என்ன செய்வார்? புளிப்பேறாமல் தடுக்கப்பட்டும் தன் இயல்பு மாறாத புதுச்சாறு மஸ்டம் எனப்படுகிறது. அதைப் பயன்படுத்த ஆயர் அத்தகைய குருவுக்கு அனுமதி தரலாம். குடிநோய் உள்ளவரைக் குருத்துவத்துக்கு ஏற்கக் கூடாது என்று 1995இல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எழுதியிருந்தது. 2003 ஜூலையில் அப்பேராயத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கரின் கையொப்பத்தோடு வந்த கடிதத்தில், மதுவை உட்கொண்டால் கடுந்தீங்கு அடைவோரை ஏற்பதற்குமுன் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பதாக அவ்விதி இளகியது. பலவீனர் இப்போது கிண்ணத்தைப் பெறுபவர் வரிசையில் இல்லை, அதைக் கையில் உயர்த்துபவராகவே இருக்கக்கூடும் என்பதை அந்தக் கடிதம் ஒப்புக்கொண்டுவிட்டது.